கேட் சுப்பராயன் டியூப் வாங்கிய கதை

சுப்பராயனுக்கு நீச்சல் தெரியாது. இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டதால் இதை எழுதுவதில் தவறில்லை. ஐம்பது வயது தாண்டும் வரை அது அவருடைய மனைவி செல்வலட்சுமிக்கு மட்டுமே தெரிந்த விஷயமாக இருந்தது.

வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தெரு முடிகிற இடத்தில் ஏரி தொடங்குகிறது. இப்படிப்பட்ட தெருவில் பிறந்த ஆளிடம் நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. சோறு சாப்பிடத் தெரியுமா என்று யாராவது கேட்பார்களா? சின்ன வயதில் சுப்பராயனுக்குக் காதில் சீழ் வடிந்துகொண்டே இருந்தது. தலை நனையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காது ஆறியபோது மீசை அரும்பிவிட்டது. அவர் வயதுக்காரர்கள் மதகு மேலிருந்து தலைகீழாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். மீசையை வைத்துக்கொண்டு சின்னப் பசங்களோடு போய் நீச்சல் பழகச் சுரைக்குடுக்கை கட்டிக்கொள்வதா என்று அவருக்கு வெட்கம். அந்த வெட்கத்தோடேயே கல்யாணமும் ஆனது. மறுவீட்டுக்கு வாலாஜாபாத் பக்கத்தில் மாமனார் ஊருக்குப் போனவரை மச்சான்கள் பம்புசெட் கிணற்றுக்குக் கூப்பிட்டார்கள். ஜலதோஷம் என்றார். மறுநாளும் ஜலதோஷம் என்றார். அந்தக் கிணற்றிலேயே வளர்ந்த செல்வலட்சுமிக்கு இரண்டாம் நாளே புரிந்துவிட்டது. வெளியில் மூச்சு விடவில்லை.

ஊரில் அவருக்குக் 'கேட்' சுப்பராயன் என்று பெயர். நிலம் எல்லாம் கம்பெனிக்குப் போன பிறகு, கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களின் பையைத் துழாவிப் பார்ப்பது வேலை. டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்வார். குடையை விரிக்கச் சொல்வார். இத்தனை வருஷத்தில் ஒரு நட்டு கூடச் சிக்கியதில்லை, ஆனால் சந்தேகம் மட்டும் குறையவில்லை. வீட்டிலும் அப்படித்தான். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போடாமல் உள்ளே விடமாட்டார். எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டார் என்று பேர் வாங்கியவர் வேறு. சந்தேகமும் கஞ்சத்தனமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் கடைக்காரர்கள் என்ன பாடுபடுவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அவருக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில். ஆறு நாள் ஊரார் பையில் தேடிக் கிடைக்காதது ஏழாம் நாள் தண்ணீரில் கிடைக்கும். மற்றவர்கள் உள்ளே நீந்திப் போய்த் தூண்டில் போடுவார்கள். சுப்பராயன் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "விரால் கரையோரத்துலதான் மேயும். உள்ள போறவன் முட்டாள்" என்பார். அவருக்கும் அவ்வப்போது விரால் மாட்டியதால் ஊர் அதை நம்பியது.

போன கோடையில் ஏரி வறண்டபோது டிப்பர் லாரிகள் வரிசையாக இறங்கின. எங்கோ ஒரு புதுக் கம்பெனிக்கு மேடு போடச் சவுட்டு மண் எடுத்தார்கள். மழை வந்தது, ஏரி நிரம்பியது, மேலே பார்த்தால் பழைய ஏரிதான். அடியில் லாரி இறங்குகிற ஆழத்துக்குப் பள்ளம். முதல் ஞாயிற்றுக்கிழமை சுப்பராயன் வழக்கமான இடத்தில் இறங்கி, வழக்கம்போல இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார். கால் வைக்கத் தரை இல்லை. கையில் அகப்பட்ட கோரைப்புல்லைப் பிடித்து எப்படியோ மேலே வந்தார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஐம்பது வருஷம் பார்த்த ஏரியில் ஆழம் மாறும் என்று அவர் எங்கே கண்டார்.

ஈரத் துணியோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் செல்வலட்சுமிக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"இன்னாயா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. வழுக்கிச்சு."

"வழுக்கினா முட்டி நனையும். உனுக்குத் தலை நனைஞ்சு கீது." துண்டை அவர் மேல் எறிந்தார். "இதோ பாரு, ஒண்ணு நல்ல டியூபா வாங்கு. இல்லன்னா அந்தத் தூண்டில அடுப்புல வெச்சுடுவேன். தாலிய வெச்சுக்கினு நான் உன்கூட விளையாட முடியாது."

சுப்பராயனும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். எங்கள் பக்கத்து ஏரிகளில் வலை போடுகிறவர்கள் லாரி டியூபில்தான் உட்கார்ந்து போவார்கள். நடுவில் உட்கார்ந்து, வலையை மடியில் வைத்துக்கொண்டு, கையால் துழாவிக்கொண்டே போகவேண்டியது. நீந்தத் தெரிந்தவனும் டியூப் வைத்திருப்பான், தெரியாதவனும் வைத்திருப்பான். டியூபில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. உயிருக்கும் பாதுகாப்பு, மானத்துக்கும் பாதுகாப்பு. இரண்டும் மலிவாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

எதிர் வீட்டு இனியவனிடம் முதலில் கேட்டார். இனியவன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். அவனும் ஞாயிறு தூண்டில்காரன்தான், வாய் கொஞ்சம் நீளம். அவன் போனில் ஒரு வீடியோ காட்டினான். மீன் பிடிப்பதற்கென்றே செய்த மிதவை டியூப். லாடம் மாதிரி முன்பக்கம் திறந்திருக்கிறது. உட்கார இருக்கை, சாய்ந்துகொள்ள முதுகு, புழு வைக்கப் பை. காலில் வாத்துக் கால் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு துழாவினால் போதும், கை இரண்டும் தூண்டிலுக்கு. "மெயினான விஷயம் இன்னான்னா, உள்ள ரெண்டு அறை கீது அண்ணே. ஒண்ணு புட்டுக்கினாலும் இன்னொண்ணு தாங்கும்" என்றான்.

விலையைப் பார்த்த சுப்பராயன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சம்பளத்தில் பாதியை விழுங்கிவிடும்.

"மீன் புடிக்கப் போறனா, மீனுக்கு மாப்பிள்ளையா போறனா?" என்றார். ஆனால் இரண்டு அறை என்கிற விஷயம் மனதில் ஒட்டிக்கொண்டது.

பிறகு டியூப் வேட்டை ஆரம்பமானது. எங்கள் பக்கத்தில் டயர் செய்கிற கம்பெனிக்குப் பஞ்சமில்லை. ராத்திரி பகலாக டயர் ஏற்றிக்கொண்டு கண்டெய்னர் போகிறது. ஆனால் ஒரு நல்ல டியூபுக்கு சுப்பராயன் அலைந்த அலைச்சல் சொல்லி மாளாது. வாலாஜாபாத் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் தூத்துக்குடிக்கார அந்தோணிராஜ் தான் காரணத்தைச் சொன்னார்.

"அண்ணாச்சி, இப்ப லாரிக்கு எல்லாம் டியூப்லெஸ் டயர்லா வந்துட்டு. டியூப் எங்கன கிடைக்கும்? பழைய டிப்பர், டிராக்டர், இப்படி ஒண்ணு ரெண்டுதான் நம்ம கடைக்கு வருது."

டிராக்டர் டியூப் ஒன்றைக் காற்றடித்துக் காட்டினார். பெரிய சைஸ். சுப்பராயன் தரையில் வைத்து நடுவில் நின்று பார்த்தார். துளை அவரைவிடப் பெரிதாக இருந்தது. உட்கார்ந்தால் மேலே மிதப்பது டியூபாகவும் கீழே போவது தானாகவும் இருக்கும் என்று தெரிந்தது. டெம்போ டியூப் எடுத்தார். அது இடுப்போடு நின்றுவிட்டது, தொப்பைக்கு மேலே ஏறவில்லை. கடைக்கு டீ குடிக்க வந்த இரண்டு பேர் சிரித்ததால் அதையும் கழற்றிவிட்டார்.

கடைசியில் ஒரு டிப்பர் லாரி டியூப். அளவு சரியாக இருந்தது. அங்கங்கே ஒட்டுப் போட்டிருந்தது. சுப்பராயன் கேட் புத்தியைக் காட்ட ஆரம்பித்தார். காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிச் சுற்றிச் சுற்றிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு ஒட்டின் விளிம்பையும் நகத்தால் சுரண்டினார். வால்வு வாயில் எச்சில் தடவினார். வெயிலில் வைக்கச் சொல்லிவிட்டுப் போய், மறுநாள் வந்து அமுக்கிப் பார்த்தார். அதற்கடுத்த நாளும் வந்தார்.

"அண்ணாச்சி, பொண்ணு கட்டக்கூட இம்புட்டுப் பாக்க மாட்டாவ" என்று அந்தோணிராஜ் அலுத்துக்கொண்டார். "நான் சொல்லுதேன், நம்பி எடுங்க. நான் போட்ட ஒட்டு டியூப் கிழிஞ்சாலும் பிரியாது."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்றார் சுப்பராயன். விலை குறைத்தபிறகு எடுத்துக்கொண்டார். உட்காருவதற்குப் பழைய சீட் பெல்ட் பட்டையைக் குறுக்கே கட்டி வாங்கினார். நீளமான பித்தளை வால்வு விலாவில் குத்தாமல் இருக்கக் கோணியைச் சுற்றினார். இவ்வளவும் செய்து முடித்தபிறகும் மனது ஆறவில்லை. ஒட்டுப் போட்ட டியூப், ஒரே அறை. இது போனால் எது தாங்கும்?

இரண்டாவது அறையை அவர் ஒரகடம் போகிற வழியில் உள்ள ஒரு பழைய பொருள் கிடங்கில் கண்டுபிடித்தார். கம்பெனிகள் கழித்துப் போடுகிற சாமான்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். எங்கள் வீடுகளில் பாதி, கம்பெனி கழித்த சாமானில்தான் ஓடுகிறது. மாட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டி, கோழிக்கூண்டுக்குத் தகரம், பசங்கள் படிக்கிற மேசை எல்லாமே அப்படி வந்தவைதான். 'ரிஜெக்ட்' என்றால் எங்களுக்குக் கெட்டது என்று அர்த்தமில்லை. கம்பெனிக்காரனுக்குத் திமிர் என்று அர்த்தம். அந்தக் கிடங்கில் துணிக் குவியலுக்குள் ஓர் ஏர்பேக் கிடந்தது. கார் மோதினால் புஸ்ஸென்று விரிந்து முகத்தைத் தாங்குமே, அந்தப் பை. வழக்கமாக வெட்டித்தான் போடுவார்கள். இது எப்படியோ வெட்டுப்படாமல் தப்பி வந்திருந்தது.

சுப்பராயன் அதை எடுத்து விரித்தார். ஓரத்தில் வளைந்து ஓடும் நீல நூல் தையலைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

செல்வலட்சுமி வேலை செய்வது ஏர்பேக் தைக்கும் கம்பெனியில். லைனில் ஆளுக்கு ஒரு தையல். அவருடையது வளைவுத் தையல், நீல நூல். கோணல் வந்தால் சூப்பர்வைசர் லைனையே நிறுத்திவிடுவார் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்த வளைவை ஓட்டி ஓட்டித்தான் அவருக்குத் தோள்பட்டை வலி வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. என்று கூடுதல் வேலைக்குப் போய்விட்டு வந்து தைலம் தேய்த்துக்கொள்வதை சுப்பராயன் வருஷக்கணக்காகப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே படுத்துவிடுவார், ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லத் தெரியாத ஜாதி.

இப்போது அந்தத் தையல் கையில். உயிரைக் காப்பாற்றுவதற்கென்றே செய்த பை, அதுவும் தன் வீட்டுக்காரி தைத்தது. அவர் பேரம் பேசாமல் வாங்கினார். கிடங்குக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். திருட்டுச் சாமான் இல்லை என்பதற்கு ரசீது மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பையின் பின்பக்கம் வட்டமாக இரண்டு ஓட்டைகள் இருந்தன. வாய் ஒன்றும் திறந்திருந்தது. ஓட்டை இருந்ததால்தான் கழித்துப்போட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டார். அந்தோணிராஜிடம் கொடுத்து இரண்டு ஓட்டைக்கும் ஒட்டுப் போட்டு, வாயையும் அடைத்து, ஒரு சைக்கிள் வால்வு வைத்து வாங்கினார்.

"அண்ணாச்சி, தையல் மேலயும் கொஞ்சம் சொல்யூசன் தடவட்டா? ஊசித் துளை வழியா காத்து போவும்லா" என்று அந்தோணிராஜ் கேட்டார்.

"அது என் வூட்டுக்காரி தெச்சது" என்றார் சுப்பராயன். தையல் மேல் தடவ விடவில்லை. தொட்டியில் அமுக்கிக்கூடப் பார்க்கவில்லை. வாழ்நாளில் அவர் பரிசோதனை செய்யாமல் எடுத்துக்கொண்ட பொருள் அது ஒன்றுதான்.

அதை டியூபின் பின்னால் முதுகுக்கு அண்டக் கொடுத்துக் கட்டினார். வீட்டுக்காரிக்கு இதைச் சொல்லவில்லை. ஏரியில் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று இருந்தார்.

அந்த ஞாயிறு செல்வலட்சுமி ஓ.டி. போகவில்லை. முதல்முறையாக டியூபில் போகிறாரே, கண்ணால் பார்க்காமல் மனது கேட்காது என்று கரைக்கு வந்தார். ஆனால் அவர் வருவதற்குள் சுப்பராயன் காற்றடித்து இறங்கிவிட்டார். காலைத் துழாவிக்கொண்டு, ஆகாயத்தாமரையைத் தாண்டி, சவுட்டுப் பள்ளத்துக்கு நேர் மேலே போய்ச் சேர்ந்தார். ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக ஏரிக்குள்ளிருந்து கரையைப் பார்த்தார். தூண்டிலை வீசிவிட்டு முதுகைச் சாய்த்தார். சொகுசாக இருந்தது.

கரையில் இனியவன் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான். "பாரு அக்கா, அண்ணன் ராஜா மாதிரி போறாரு" என்றான்.

செல்வலட்சுமி கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். "முதுவுல இன்னா வெள்ளையா கீது?"

"ரெண்டாவது அறையாம். ஏர்பேக்கு. உங்க கம்பெனிதாம்."

செல்வலட்சுமி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றார்.

அதற்குள் அங்கே பை தொய்ய ஆரம்பித்திருந்தது. முழு பாரத்தையும் அதன் மேல் போட்டிருந்த சுப்பராயன், அது சுருங்கச் சுருங்கப் பின்னால் சாய்ந்தார். டியூபின் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. கால் மேலே வந்தது. சீட் பெல்ட் பட்டை தொடையைக் கவ்விக்கொண்டதால் எழவும் முடியவில்லை. தண்ணீர் தோளுக்கு வந்தது. பிறகு கழுத்துக்கு. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். சுப்பராயனுக்குத் தலைக்குக் கீழேயே அந்தக் கணக்குத் தப்பிவிட்டது.

அவர் கத்தவில்லை. இதைத்தான் எங்களால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. கரையில் ஏழெட்டுப் பேர் நீச்சல் தெரிந்தவர்கள். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். வாயை இறுக மூடிக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு, தூண்டில் மட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு முழுகிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் படுத்தே மீன் புடிக்கிறாருப்பா" என்றான் இனியவன். எல்லோரும் சிரித்தார்கள்.

தண்ணீரில் யாரோ குதிக்கும் சத்தம் கேட்டது. செல்வலட்சுமி. கட்டின புடவையோடு, ஆகாயத்தாமரையைக் கையால் கிழித்துக்கொண்டு அவர் நீந்திய வேகத்தை இந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. போய்ச் சுப்பராயன் தலையைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் டியூபை அழுத்தி நேராக்கினார். ஒட்டுப் போட்ட அந்த டிப்பர் டியூப் இரண்டு பேரையும் தாங்கியது. அந்தோணிராஜ் சொன்னது பொய்யில்லை.

கரையில் ஏற்றியதும் கூட்டம் கூடிவிட்டது. சுப்பராயன் இருமி முடித்துவிட்டு, "காலு புடிச்சுக்கிச்சு" என்றார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. செல்வலட்சுமி முந்தானையைப் பிழிந்துகொண்டே, "ஆமா, அவருக்கு அடிக்கடி நரம்பு இழுக்கும்" என்றார். எல்லோரும் நம்பினோம். எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னோம்.

வீட்டுக்குப் போனதும் செல்வலட்சுமி அழுதார். பிறகு அந்தப் பையைத் தூக்கிவந்து அவர் முன்னால் போட்டார்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டியாயா? இந்த ஓட்டை ரெண்டும் வேணும்னே வெச்சது. வண்டி இடிச்சா விரியணும், மூஞ்சியத் தாங்கணும், உடனே காத்த விட்டுடணும். விடலன்னா உள்ள கீறவன் மூச்சு முட்டிப் பூடுவான். காத்த புடிச்சு வெக்கறதுக்கு நான் தெக்கல."

சுப்பராயன் நீலத் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"மத்தது எல்லாத்தையும் பாத்தேன்" என்றார். "இது உன் தையலாச்சேன்னு பாக்கல."

செல்வலட்சுமிக்குக் கோபம் போகவில்லை. லைனில் அத்தனை வருஷம் தைத்த வளைவை நல்லா இருக்கு என்று யாரும் சொன்னதில்லை. சொன்ன ஒரு ஆள் அதை நம்பிச் சாகப் பார்த்தார். இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்துபோய் உலை வைத்தார்.

அடுத்த வாரம் செல்வலட்சுமியே அந்த ஏர்பேக்கைப் பிரித்தார். டிப்பர் டியூபுக்கு அதில் உறை தைத்தார். உள்ளே காற்று டியூபிலேயே இருக்க, பட்டைகள் வழுக்காமல் துணி வெளியே இறுக்கிப் பிடித்தது. இருக்கைப் பட்டையைச் சுருக்கினார், கால் மாட்டாதபடி. சாய்மானம் கிடையாது. நிமிர்ந்து உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர் பிடிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். இப்போது எங்கள் ஏரியில் நான்கைந்து பேர் அதே மாதிரி உறை தைத்து வாங்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் ஞாயிறும் செல்வலட்சுமி ஓ.டி. போகாமல் கரைக்கு வந்து உட்கார்ந்தார். மூன்றாம் ஞாயிறும் வந்தார். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். அதை விட்டுவிட்டு எதற்கு இங்கே குத்தவைத்திருக்கிறார் என்று ஊரில் பேச்சு வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

அந்த மூன்றாம் ஞாயிறு சுப்பராயன் பள்ளத்துக்கு மேலே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதுகு எங்கள் பக்கம். செல்வலட்சுமியின் போன் அடித்தது. லைன் சூப்பர்வைசர்.

"சார், இல்ல சார், வர முடியாது... ஒடம்பு நல்லாத்தான் கீது சார்."

மறுமுனையில் விடவில்லை போல. செல்வலட்சுமி தண்ணீரைப் பார்த்தார். பிறகு எங்களையும் பார்த்தார். ஏதோ ஒரு பொய் சொல்லப்போகிறவர் மாதிரித்தான் வாயைத் திறந்தார்.

"எங்க வூட்டுக்காரரு ஏரில மீன் புடிக்கிறாரு சார். அவருக்கு நீச்சல் தெரியாது. நான் கரையில இருக்கணும்."

இனியவன் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டான். தண்ணீரில் அந்த முதுகு அசையவில்லை. செல்வலட்சுமியின் முகம் வெளுத்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டதுபோல போனிலிருந்து மிஷின் சத்தமும் அதற்குமேல் சூப்பர்வைசரின் குரலும் கேட்டன. "ஹலோ, ஹலோ, ஒண்ணும் கேக்கலம்மா, அவருக்கு இன்னா?"

செல்வலட்சுமி போனைக் காதில் வைத்தபடி தண்ணீரில் தெரிந்த முதுகையே பார்த்தார்.

சுப்பராயன் திரும்பவில்லை. தூண்டில் மிதப்பையே பார்த்துக்கொண்டு, அக்கரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"நீச்சல் தெரியாதுன்னு சத்தமா சொல்லுடி! அங்க மிஷின் ஓடுது, அவருக்கு எங்க கேக்கப்போவுது?"

செல்வலட்சுமி சத்தமாகச் சொன்னார்.